அன்னக்கிளி அக்கா அடுப்படிக்கு ஒரு கனெக்சன்

இல்ல சார், ஹேக்கிங்னு பெரிய வார்த்தையெல்லாம் சொல்லாதீங்க. எங்கப்பா காதுல விழுந்தா ஆலங்குளத்துலேர்ந்து அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துருவாவ. நான் செஞ்சது சோத்து விசயம். ஆமா சார், சோறுதான். அந்த ஃபாரத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்லா, அதுல சோறுன்னு எழுதிக்கிடுங்க. பேரு சுகப்பிரியா, ட்ரெய்னி. அடுத்த மாசம் கன்ஃபர்மேசன். வேலை போயிரும்னு நீங்க ஞாபகப்படுத்த வேண்டாம், அது எனக்கே நல்லாத் தெரியும்.

சிரிச்சிட்டிய! செக்யூரிட்டி ஹெட்டு தாமஸ் சார் சிரிச்சு இந்தப் பிளான்ட்ல யாருமே பாத்ததில்லன்னு லைன்ல பிள்ளைய சொல்லும். நான் போயி சொல்லுதேன், சாருக்குப் பல்லெல்லாம் வரிசையாத்தான் இருக்குன்னு.

சரி சார், சரி. மொதல்லேர்ந்து சொல்லுதேன். லைன்ல எத்தனை பீஸ் முடிஞ்சிருக்குன்னு காட்டுத போர்டப் பாத்துக்கிடுததுதான் என் வேலை. தங்கியிருக்கது சேரப்பணஞ்சேரி ஹாஸ்டல்ல, லைன் பிள்ளைய நூத்தி நாப்பது பேரோட. அங்க சமையல் அன்னக்கிளி அக்கா, வாலாஜாபாத்துக்காரி. தங்கமான அக்கா, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இப்ப பாத்துக்கிடுங்க, ஷிப்ட் ஆறு மணிக்கு முடியும். டார்கெட் வரலன்னா ஓ.டி., எட்டரை ஆயிரும். எது நடக்கும்னு அஞ்சு மணிக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் என்ன செய்ய? எல்லாரு போனும் உங்க கேட் லாக்கர்ல தூங்குது. அக்கா ஆறுக்குன்னு வடிச்சு வச்சா, எட்டரைக்கு வந்து வெறச்சுப்போன சோத்தத் திங்கணும். லேட்டா வடிப்போம்னு அக்கா இருந்தா, அன்னைக்குன்னு பாத்து ஆறுக்கே பஸ் கெளம்பிரும். பிள்ளைய வெறுந் தட்ட வச்சிட்டு உக்காந்திருக்கும்.

சூப்பர்வைசர் போன் பண்ணிச் சொல்லலாமேன்னு கேக்கிய. வேல்ராஜ் அண்ணன்ட்ட கேட்டோம் சார். ரெண்டு நாள் சொன்னாவ. மூணாம் நாள் மறந்துட்டாவ. அதான் போர்டுலேர்ந்து அக்கா அடுப்படிக்கு ஒரு லைவ் கனெக்சன் போட்டேன். என் பழைய போன அடுப்படி செவுத்துல மாட்டி விட்டேன். இல்ல சார், கம்பெனி கணக்கு எதுவும் வெளிய போகல. ஆறா, எட்டரையா, அவ்வளவுதான் போகும். லைன் ஓடுத வேகத்தப் பாத்து, நான் எழுதுன கம்ப்யூட்டர் கோடே சொல்லிரும். அக்கா அதப் பாத்து உலை வைப்பாவ.

லேசுல வரல சார். ஹாஸ்டல்ல என் லேப்டாப்ல அழகா ஓடுன கோடு, இங்க வந்ததும் படுத்துட்டு. ஏன்னா இங்கேர்ந்து எது வெளிய போனாலும் ப்ராக்ஸி சர்வர் வழியாத்தான் போகணும். உங்க மெயின் கேட் மாதிரின்னு வச்சிக்கிடுங்க. பிரவுசருக்கு அந்த கேட் தெரியும். நான் எழுதுன கோடுக்குத் தெரியாது, அது பாட்டுக்குக் காம்பவுண்டு செவுத்த ஏறிக் குதிக்கப் பாத்து விழுந்துட்டே கெடந்துச்சு. நாலு நாள் முழிச்சேன். பொறவு முறையா கேட்டுக்குப் போக வச்சேன். இன்ன இடத்துக்கு வழி விடு, இந்தா பேரு, இந்தா பாஸ்வேர்டு. ப்ராக்ஸி சரின்னு சொன்ன பொறவுதான் அந்தப் பக்கம் பேச ஆரம்பிக்கணும். நான் அது சரின்னு சொல்லதுக்கு முந்தியே பேசிட்டு இருந்திருக்கேன். வீட்லயும் என்னைய அப்படித்தான் ஏசுவாவ.

மணியப் பாக்காதீங்க சார், முடிக்கப் போறேன்.

மொத வாரமே மானம் போச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கு லைன் அரை மணி நேரம் நிக்குமா, என் கோடும் வாயத் தொறக்காம இருந்துட்டு. ப்ராக்ஸி பாத்துச்சு, ஒரு சத்தமும் இல்ல, ஆளு போயாச்சுன்னு கனெக்சன வெட்டிட்டு. காலைல லைன் மந்தமா ஓடுனதால அடுப்படியில எட்டரைன்னு போட்டிருந்துச்சு. அது அப்படியே நின்னுட்டு. மத்தியானத்துக்கு மேல பிள்ளைய வேகம் பிடிச்சு டார்கெட்ட முடிச்சு, ஆறுக்கே வந்து எறங்கியாச்சு. அடுப்பே பத்த வைக்கல. நூத்தி நாப்பது பேரு சார்! முத்துச்செல்வின்னு ஒருத்தி, உன் கம்ப்யூட்டரக் கொண்டா, அதக் கடிச்சுத் திங்கேன்னா. அக்கா ஏசுனத நான் இங்க சொல்ல முடியாது, நீங்க ஃபாரத்துல எழுதிருவிய.

அதுக்குப் பொறவு இருபது செகண்டுக்கு ஒருக்கா ம் கொட்ட வச்சேன். கதை கேக்கும்போது ம் கொட்டுவோம்லா, அது மாதிரி. லைன் நின்னாலும் என் கோடு ம் கொட்டும், ப்ராக்ஸி வெட்டாது. நாலு மாசமா வெட்டல. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு கனெக்சன் தொறந்தே கெடக்கேன்னு ஹெட் ஆபீஸ்ல முழிச்சுக்கிட்டதும் அதனாலதான்.

யாரு பாஸ்வேர்டா? வாரேன் சார், அதுக்குத்தான் வாரேன். ட்ரெய்னி பேருக்கெல்லாம் ப்ராக்ஸி வெளிய வழி விடாது, பெரிய ஆளுங்களுக்குத்தான் விடும். ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்த லெட்டர்ல மிசின் நம்பர் மட்டுந்தான இருக்கு? யாரு பேரு, பாஸ்வேர்டுல கனெக்சன் போச்சுன்னு காட்டுத லிஸ்ட் நாளைக்கு வருதுன்னு சொன்னிய.

ஏப்ரல்ல உங்க மகன் ஃபிரடிக்குச் சர்ச்ல புதுநன்மைச் சடங்குன்னு லீவுல இருந்திய. அங்கேர்ந்து பிளான்ட்ல எங்க கம்ப்யூட்டர் ரூம் போனுக்குக் கூப்பிட்டு, அவசரமா ஒரு மெயில் பாக்கணும், எடுத்து வாசிம்மா, பாஸ்வேர்டு இதுதான்னு சொன்னிய. ஃபிரடி பேரு, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணு. ப்ராக்ஸிக்கும் அதேதான், அதத்தான் என் கோடுல போட்டேன். கேட்ல எங்க டிபன் பாக்ஸத் தொறந்து பாக்க ஆளு வச்சிருக்கிய, பாஸ்வேர்டு மட்டும் இம்புட்டு லேசா வச்சிருக்கியளே சார்.

ஏன், மொகம் இப்படி ஆயிட்டு? தண்ணி குடிங்க. ஒருநாள் சோதிச்சுப் பாத்துட்டு எடுத்துரணும்னுதான் போட்டேன். அன்னைக்குப் பிள்ளைய எட்டரைக்கு வந்து ஆவி பறக்கப் பறக்கத் தின்னுச்சு. எடுக்க மனசு வரல. தப்புதான், அத நான் மறுக்கல. பயமாவும் இருக்கு. ஆனா நாளைக்கு அந்த லிஸ்ட்ல உங்க பேரு நின்னா, என்னைய நம்புனதுக்கு நீங்க தலகுனியணும். அது எனக்குத் தாங்காது.

இந்தாங்க, எழுதிட்டு வந்திருக்கேன். பாஸ்வேர்ட நீங்க யாருக்கும் சொல்லல, நீங்க டைப் பண்ணும்போது நான்தான் பின்னாடி நின்னு பாத்தேன்னு இருக்கும். இல்ல சார், கிழிக்காதீங்க, நாலு தடவை எழுதி இப்பதான் அடிச்சல் இல்லாம வந்திருக்கு. கையெழுத்தும் போட்டாச்சு. தேதி மட்டும் போடணும், லிஸ்ட் வரதுக்கு முந்தியே நானா வந்து சொன்னதா இருக்கணும்லா. இன்னைக்கு என்ன தேதி சார்?