நகர்ந்தாத்தான் நிக்கலாம்

...அதத்தான் நானும் சொல்றேன்! சக்கரம் இருந்தா அது டிரெய்லர், ஏரிக்கரையில நிக்கலாம். சக்கரம் இல்லேன்னா அது வீடு, நிக்கக்கூடாது. ஏரியும் கரையும் அணை ஆபீஸோடதாச்சே, அந்த ஆபீஸ்காரங்களோட நியாயம் இதுதான். ஃபேனுக்கு அடியில உட்கார்ந்துக்கிட்டு நல்லாத்தான் சொல்லிட்டாங்க!

கர்ட்டிஸ், நீங்க பாட்டுக்கு அடியில படுத்து வேலையப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். பேச்சு நின்னா மணியப் பாத்துக்கிட்டே நிப்பேன். பத்து மணிக்கு ஊர்வலம். எனக்குப் பின்னாடி நாப்பத்திமூணு டிரெய்லர் வரிசை கட்டி நிக்குது. இருக்கறது ஒரே பாதை. முன்னாடி நிக்கற என்னோடது மட்டும் களிமண்ணுல குந்திக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. தலைவியோட டிரெய்லர்! நெத்தியில பேனர் வேற... 'நாங்க நகருவோம்'னு! சிரிக்காதீங்க. அடியில வயிறு குலுங்கறது எனக்குத் தெரியுது.

ஸ்பேனரா? பெருசா சின்னதா? டெஸ்ஸா, அத வாயில வைக்காத கண்ணு, மாமாகிட்ட குடு. மாமா கால மிதிக்காத.

எங்க சக்கரம் எங்க போச்சுன்னுதானே கேக்குறீங்க? ஃபார்கோவுக்குப் போனதும் ஊர மறந்துட்டீங்க பாருங்க. இங்க யாரோட டிரெய்லர்ல சக்கரம் இருந்துச்சு? எல்லாம் மீன்பிடிக் குடிசைக்கு அடியில! ஏரி உறைஞ்சா குடிசைய ஐஸ் மேல இழுத்துக்கிட்டுப் போகவேணாமா? கல்யாணமான மொத வருஷமே டேரின் கழட்டிட்டான். "வீடு எங்கடி போகப்போகுது, மீனுதான் எடம் மாறும்"னான். இப்ப டிராக்டர்ல உட்கார்ந்து முறைக்கறத பாருங்க, என்னமோ நான் கழட்டின மாதிரி.

நேத்து முழுக்க ஊரே சேர்ந்து குடிசைகளக் கவுத்துப் போட்டுச் சக்கரத்தப் புடுங்கினோம். யாருது யாருதுன்னு யாருக்குத் தெரியுது? எனக்கு எடப்பக்கம் பெருசு, வலப்பக்கம் சிறுசு. உள்ள தட்டுல வச்ச முட்டை அது பாட்டுக்கு ஓடுது. ஓடட்டும். அதாவது ஓடுதே!

மே மாசம் நோட்டீஸ் வந்துச்சு. ஏரி உறையறதுக்குள்ள அத்தன பேரும் காலி பண்ணணுமாம். வெள்ளம் வந்தா மூணு நாள்ல வீட்ட இழுத்துக்கிட்டுப் போகமுடியாதாம். யாரோ ஒரு புண்ணியவான்... யாரோ... ஏப்ரல்ல புகார் எழுதிப் போட்டு, அளக்கறதுக்கு ஆள் வந்து... சரி அத விடுங்க. சர்ச்சோட கீழ்க்கூடத்துல கூட்டம் போட்டோம். ஒரே கத்தல். அப்பதான் எங்க பக்கத்து வாசல் லவோன், உங்கம்மா, எந்திரிச்சாங்க. வாயத் தொறந்து நாலு வார்த்த பேசாதவங்க! "ஜோலீன் தலைவியா இருக்கட்டும். அவ லெட்டர் எழுதினா ஆபீஸ்காரன் மறுவாரமே வந்து நிப்பான்"னாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு கர்ட்டிஸ். பன்னண்டாவதோட நின்னவ நான். எங்கம்மாகூட என்னய அப்படிப் பாராட்டினதில்ல.

அப்புறம் விட்டேனா? கால்நடை ஏலம், பேஸ்பால் ஆட்டம், கோதுமைக் கிடங்கு வாசல்னு ஒரு எடம் விடாம இடுப்புல டெஸ்ஸா, கையில பேனா. ஆறாயிரம் கையெழுத்து! ஊர்ல இருக்கறதே எண்ணூறு பேரு! செனட்டர் ஆபீஸுக்கு ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னு முற வச்சுப் போன் போட்டோம். மூணாவது நாளு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அங்க போன் எடுக்கற பொண்ணு, "சொல்லுங்க ஜோலீன், டெஸ்ஸாவுக்குச் சளி தேவலயா?"ங்குது. ரேடியோக்காரங்க வந்தாங்க. பொரிச்ச கறி ரொட்டி ஆளுக்கு நாலு குடுத்தேன். மைக்கு முழுக்க எண்ணெய், ஆனா செய்தி ரெண்டு தடவ வந்துச்சு.

கடைசியில ஆபீஸ்காரங்க எறங்கி வந்தாங்க. "சரி, சனிக்கிழம பதினோரு மணிக்குள்ள அத்தனையும் மேட்டு ரோட்டுல ஏறிக் காட்டுங்க. ஏறிட்டா எல்லாரும் இருக்கலாம், ஒண்ணு நின்னாலும் எல்லாரும் காலி"ன்னுட்டாங்க. அதோ, மேட்டுல தொப்பியும் நோட்டும் கையுமா நிக்கறாரே, அவர்தான். காலையிலேர்ந்து என் டிரெய்லரையே பாக்குறாரு. நம்ம ஊர் குக்கன் கேக்கு ஒரு துண்டு குடுத்தனுப்பினேன். தின்னுட்டாரு, ஆனா சிரிக்கல.

என்ன, இன்னும் வழுக்குதா? கல்லப் போட்டுப் பாத்தாச்சே, முழுங்கிருச்சு. டேரினோட குளிர்கோட்டையும் கழட்டிப் போட்டாச்சு, அதையும் முழுங்கிருச்சு. அவன்கிட்ட இன்னும் சொல்லல.

ஆமா... அங்க என்ன படார் படார்னு சத்தம்? உங்கம்மாவா? கடப்பாரைய வச்சு எதப் பேக்குறாங்க... ஐயையோ! வாசல் பலகை மேடையவா? ஏன், ஏன் பேக்குறாங்க? ...என் சக்கரத்துக்கு அடியில போடவா?

வேணாம்! கர்ட்டிஸ், போய்த் தடுங்க. அது உங்கப்பா கட்டினதாச்சே. அதப் போய்... எனக்காகப் போய்... எல்லார் முன்னாடியும்...

இருங்க. ஸ்பேனரக் கீழ வைங்க. இல்ல, கையில வச்சுக்காதீங்க, கீழ வைங்க. ஒண்ணு சொல்றேன்.

புகார் எழுதினது நான்தான்.

அந்த மேடையப் பத்தித்தான். உங்கம்மா போன வருஷம் மேடைக்கு மேல கூர போட்டாங்கல்ல, என் சமையக்கட்டு ஜன்னல்ல ஏரி மறைஞ்சுபோச்சு. பாத்திரம் கழுவறப்ப எனக்கு அந்த ஏரி வேணும், கர்ட்டிஸ். நாள் பூரா எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். போய் உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்! நம்ம ஊர்ல மூஞ்சிக்கு நேரா யாரு சொல்றோம்? சிரிச்சுக்கிட்டே அவங்க குடுத்த குக்கன வாங்கித் தின்னுட்டு, ஆபீஸுக்கு லெட்டர் போட்டுட்டேன். 'மேடை அளவுக்கு மீறி இருக்கு, வந்து அளக்கவும்'னு. வந்தாங்க. அந்த மேடைய அளந்தவங்க அப்படியே திரும்பி அத்தனையும் அளந்துட்டாங்க! நாப்பத்திநாலு குடும்பமும் என் ஒரு ஜன்னலுக்காக... உங்கம்மாகிட்ட சொல்லிராதீங்க, உங்களக் கும்பிட்டுக்கறேன்.

என்ன?

சத்தமாச் சொல்லுங்க, டிராக்டர் உறுமுது.

...தெரியுமா? எப்படித் தெரியும்? புகாரோட நகல் அவங்களுக்கும் வந்துச்சா? என் பேரோடவா? எங்க வச்சிருக்காங்க... ஃப்ரிட்ஜு மேலயா! காந்தம் வச்சா! ஏப்ரல்லேர்ந்தா!

அந்த ஃப்ரிட்ஜத் தொறந்து எத்தன தடவ டெஸ்ஸாவுக்குப் பால் எடுத்திருக்கேன்... பேரப்பிள்ளைங்க படத்துக்கு நடுவுல ஏதோ காகிதம்னு... இருங்க, இருங்க. அப்ப சர்ச்சுல சொன்னாங்களே... 'அவ லெட்டர் எழுதினா ஆபீஸ்காரன் மறுவாரமே வந்து நிப்பான்'னு... அது பாராட்டு இல்லையா?! நான் அழுதேனே! மூக்கச் சிந்த அவங்கதானே கர்ச்சீப் குடுத்தாங்க!

கர்ட்டிஸ், நீங்க சிரிக்கறதுல டிரெய்லரே ஆடுது. வெளிய வாங்க.

வந்துட்டாங்க. தோள்ல மூணு பலகையோட வர்றாங்க. எழுபத்தொரு வயசு! குடுங்க, இங்க குடுங்க லவோன், நான் பிடிச்சுக்கறேன்... லவோன், நான் வந்து, அந்த லெட்டர்... என்னது? "பேச்ச விட்டுட்டுப் பலகையத் தள்ளு பொண்ணு"வா? சரி, தள்றேன். தள்றேன். இந்தப் பக்கம் ரெண்டு. சின்னச் சக்கரத்துக்கு இன்னும் ஒண்ணு. அழல, களிமண்ணு கண்ணுல பட்டுருச்சு. லவோன், அடுத்த வருஷம் நானே கட்டித் தர்றேன் மேடைய. கூரையோட. ஆனா... ஒரு அடி, ஒரே ஒரு அடி அந்தப் பக்கம் தள்ளி... சக்கரம் வச்சுக் கட்டிருவோம்! எனக்கு ஏரி வேணும்னா ஜன்னலத் தொறந்து கத்தறேன், நீங்க தள்ளிக்கோங்க!

சிரிச்சுட்டாங்க! கர்ட்டிஸ், பாத்தீங்களா, உங்கம்மா சிரிச்சுட்டாங்க!

டேரின்! இழு! மெதுவா... மெதுவாடா... பலகை பிடிக்குது. பிடிக்குது! உள்ள முட்டை போச்சு. போகட்டும்! இழு! டெஸ்ஸா, கை தட்டு! மேட்டுல நிக்கறவரே! ஐயா! தொப்பி! நோட்ட எடுங்க! பத்து மணி அஞ்சு நிமிஷம், எழுதிக்கோங்க!

நகருது!