பெல்ட் போடாத ஜீன்ஸ்

— குண்டூசியைத் துணியில குத்துங்கன்னா என்னையே குத்தி…

— நீ ஆடாத நின்னா துணியில குத்துவேன், சும்மா ஆடிக்கினே…

— எங்க ஆடினேன். மூச்சு விட்டேன்.

— அத்த கொஞ்ச நேரம் விடாத நில்லு. ஆண்டவரே, பொண்டாட்டி ஜீன்ஸுக்கு ஊசி குத்தவா என்னை இந்த வயசு வரைக்கும் வெச்சிருந்த.

— முன்பக்கம் நானே குத்திக்கிட்டேன். பின்பக்கம் எனக்குக் கை எட்டுமா? வீட்டுல இருக்கிறது நீங்க ஒருத்தர். இடுப்புக்குப் பின்னாடி துணி எவ்ளோ தொங்குது, பாத்துச் சொல்லுங்க.

— உள்ள ஒரு கோழிய வெச்சிக்கலாம்.

— அளவு கேட்டா கோழியா.

— நாட்டுக்கோழி. சின்னது.

— அந்தக் கோழியைப் பிடிச்சுத்தான் ஊசி போடச் சொல்றேன். இன்னும் நூலோட்டித்தான் வெச்சிருக்கேன், பிரிக்கலாம். நடுத்தையலுக்கு ரெண்டு பக்கமும் சமமா எடுங்க.

— எடுத்தாச்சி. கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கியிருந்தா எனக்கு இந்தக் கோழி புடிக்கிற வேல ஏது, ஈவு?

— கடைக்குப் போனோமே, மறந்துட்டீங்களா. இடுப்பு சரியா இருந்தா தொடையில ஏறல. தொடையில ஏறினா இடுப்புல ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம். அந்தக் கடைப் பொண்ணு, ‘ஆன்ட்டி, பெல்ட் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ங்குது. நான் ஏன் அட்ஜஸ்ட் பண்ணணும். துணி பண்ணட்டும்.

— அதுக்குன்னு பழைய பெட்ஷீட்டுல ஒண்ணு தச்சி மாட்டிக்கினு, ரோஜாப்பூ பேண்ட்டோட வாசல் வரைக்கும் போன பாரு. எதிர்ல வந்த சரோஜம்மா எதுக்கு வந்தோம்னே மறந்து திரும்பிப் போயிட்டாங்க.

— அது ட்ரையல். டெனிமை வெட்டிப் பாழ் பண்றதுக்குப் பெட்ஷீட்டைப் பாழ் பண்ணலாம்.

— பெட்ஷீட்டு போனா போவுது. தண்ணி? குழாயில தண்ணி எப்ப வருமோன்னு ஊரே வாயப் பொளந்துக்கினு கீது. நீ இந்தத் துணிய டிரம்முக்குள்ள ஊறப் போட்ட. நான் குளிக்கப் போனா தண்ணி இங்க் பாட்டிலாட்டம் கீது.

— நனைச்சுக் காயவைக்காத வெட்டினா, மொதல் தடவை தோய்ச்சதும் சுருங்கிக் கணுக்கால் தெரியும். அப்புறம் அதுக்கும் நீங்கதான் பேசுவீங்க. அந்தத் தண்ணியில எதுக்குக் குளிச்சீங்க?

— வேற தண்ணி எங்க கீது? குளிச்சேன். காதுல இன்னும் நீலம் போவல.

— இடது காதுல. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தப் பக்கம் கண்ணு தெரியாததால தேய்க்காத விட்டிருக்கீங்க.

— தெரியாதுன்னு யாரு சொன்னா. கொஞ்சம் மங்கலு.

— கண் டாக்டர் சொன்னாரு. சுகர் அந்தக் கண்ணைத் தின்னுடுச்சு, இனிமே வண்டியைத் தொடாதீங்கன்னு. நான் பக்கத்து ஸ்டூல்லதானே இருந்தேன்.

— அவுரு சின்னப் பையன்.

— அந்தச் சின்னப் பையன் பேச்சைக் கேக்காம மறுநாளே வண்டியை எடுத்து, எருமை மேல ஏத்தப் போனீங்க.

— எருமை குறுக்க வந்துச்சி.

— படுத்துக்கிட்டு இருந்துச்சு.

— சரி, பின்பக்கம் முடிஞ்சிது. திரும்பு.

— பேச்சை மாத்தாதீங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நீங்க பூதிகோட்டை சபைக்குப் போயி கீபோர்டு வாசிச்சு மூணு மாசம் ஆச்சு. பஸ்ஸு போய்ச் சேர்றப்ப ஆராதனை முடிஞ்சு செருப்பு மாட்டிக்கிட்டு இருப்பாங்க. நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி உக்காருங்கன்னு எத்தனை தரம் சொல்றது.

— அதான் ஹரோல்டு வாசிக்கிறான் இல்ல.

— ஹரோல்டு வாசிச்சா கல்யாணப் பாட்டு, கல்லறைக்குத் தூக்கிட்டுப் போற பாட்டாட்டம் இருக்காம். போன வாரம் ஒரு பாட்டு முடியறதுக்குள்ள காணிக்கைப் பை ரெண்டு தரம் சுத்தி வந்துடுச்சாம்.

— ரெண்டு தரமா?

— சிரிக்காதீங்க. கண்ணாடியில தெரியுது.

— நான் எங்க சிரிச்சேன். பாவம், அவன் கை அப்படி. ஆனா நான் வர மாட்டேன், ஈவு. பேடவே பேடா, வேணவே வேணாம். சைலஸ் டீக்கடையில எல்லாரும் உக்காந்துக்கினு இருப்பானுங்க. முன்னாடி நீ ஜீன்ஸ் போட்டுக்கினு மோட்டார் சைக்கிள் ஓட்ட, பின்னாடி இந்த டைட்டஸு பொட்டலம் மாதிரி குந்திக்கினு…

— ஹெல்மெட் போட்டா மூஞ்சியே தெரியாது.

— தொப்பை தெரியுமே. இந்தத் தொப்பைய நம்ம லைன் வீடுங்கள்ல தெரியாத ஆளு கீதா?

— அப்ப ஜீன்ஸ்தான் உங்களுக்குப் பிரச்சனையா?

— ஆமா. சுடிதார் போட்டுக்கோ.

— சுடிதார் போட்டுத்தானே கிரவுண்டுல கத்துக்கிட்டேன். கால் துணி செயின்ல மாட்டி, முட்டி பேந்துதே. அதுக்கப்புறம்தானே இந்தத் துணியே வாங்கினேன்.

— அப்ப ஸ்கூட்டர் வாங்கணும்.

— வண்டியை வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கலாம்னதுக்கு ரெண்டு வேளை சாப்பிடாத இருந்தது யாரு? சரி, ஜீன்ஸ் வேணாம். நான் சேலை கட்டிக்கிட்டு ஓட்டறேன். பின்னாடி உக்காருவீங்களா?

— சேலையில அந்த வண்டிய ஓட்ட முடியாதே.

— முடியுதுன்னு வெச்சுக்கோங்க.

— இந்த ஊசி டப்பா மூடி எங்க பூடுச்சி?

— பாத்தீங்களா. ஜீன்ஸ் இல்ல உங்க பிரச்சனை. அந்தப் பக்கம் திரும்புங்க, கழட்டிட்டு வரேன்.

— இத்தினி வருசம் கழிச்சி எதுக்குத் திரும்பணும்?

— உங்க மூஞ்சியைப் பாத்துச் சிரிப்பு வந்தா ஊசி குத்தும். திரும்புங்க. அப்படியே அந்தச் சுத்தியலை எடுங்க.

— எதுக்கு, என் மண்டைக்கா?

— நாலு தையலும் வந்து சேர்ற எடம் இது. மடிப்பு மேல மடிப்பு, கல்லாட்டம் இருக்கு. தட்டி நசுக்கினாத்தான் மெஷின் ஏறும். நேத்தே ஊசி ஒடிஞ்சுது.

— குடு, நான் தட்டறேன். மைன்ஸ்ல வேல செஞ்ச கை.

— நீங்க எங்க கல்லு ஒடைச்சீங்க. மேல இன்ஜின் ரூம்ல சேர் போட்டு உக்காந்து, சுரங்கத்துக்குள்ள ஆளுங்க போற கேஜை இறக்கி ஏத்தின வைண்டிங் டிரைவர்.

— ஆமாம்மா. பாலகாட் மைன்ஸ்ல ஒரு ஷிஃப்டு ஆளுங்க உசுரு முழுக்க இந்தக் கையில. அதான் ஈவு, சொல்லிடறேன். ஜீன்ஸும் இல்ல, சைலஸும் இல்ல. இன்னொருத்தர் ஓட்ட நான் சும்மா உக்காந்து பழக்கம் இல்ல. பஸ்ல போனாக்கூட என் காலு கீழ பிரேக்கு தேடும்.

— மெதுவாத் தட்டுங்க, துணி கிழிஞ்சிடும். அந்தக் கேஜ்ல நின்னவங்க யாரைப் பாத்து ஏறினாங்க?

— யாரையும் பாக்க முடியாது. நான் மேல எங்கயோ கீறேன். மணி அடிப்பாங்க, இறக்குவேன்.

— ஓட்டறவன் மூஞ்சியைப் பாக்காத இருட்டுல இறங்கினாங்க. எங்கப்பாவும் இறங்கினாரு. நீங்க என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா என்கிட்ட வேற ஒண்ணும் சொல்லல. ‘நான் தினம் அவன் கையில இறங்கி ஏறிட்டு வரேன், பயப்படாத போ’ன்னாரு.

— மாமா அப்படியா சொன்னாரு? என்கிட்ட, ‘மாப்ளே, கொஞ்சம் ஸ்லோவா இறக்குங்க, கண்ண மூடிக்கினுதான் நிக்கிறேன்’ன்னாரு.

— பயந்துக்கிட்டேதான் ஏறியிருக்காரு. ஆனா ஏறினாரு. உங்களுக்கு என் மூஞ்சியே தெரியும். நான் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினதும் தெரியும்.

— நீ எட்டு போட்டத நான் பாக்கலியே.

— பாத்தீங்க. புளியமரத்துக்குப் பின்னாடி நின்னீங்களாம், என்கூட வந்த ஃப்ரெடி சொன்னான். நான் கால் ஊனாத முடிச்சதும் கை தட்டினீங்களாம். அவன் திரும்பிப் பாத்ததும், கொசு அடிச்சேன்னு சொன்னீங்களாம்.

— ஃப்ரெடி வாயில எந்தக் காலத்துல ரகசியம் நின்னுது. தட்டினது போதுமா, பாரு.

— போதும். வழி விடுங்க, மெஷின் கிட்ட போவணும்… இந்தா, ஏறிடுச்சு. மாட்டிட்டு வரேன்… இப்பப் பாருங்க. கோழி எங்க?

— பறந்து பூடுச்சி.

— ஜிப்பும் ஏறுது, மூச்சும் வருது. பெஞ்சுல வண்டி மாதிரி ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்து குனியறேன். பின்னாடி இறங்குதா?

— இறங்கல. நல்லாத்தான் கீது. இன்னா இது, கீழ துண்டு துண்டா பட்டை கெடக்குது?

— பெல்ட் நுழைக்கிற லூப்பு. வெட்டி வெச்சேன், அப்புறம் வேணாம்னு போட்டுட்டேன். இடுப்பு அளவு சரியா இருக்கிறப்ப பெல்ட் எதுக்கு. ஒரு நாளைக்கு அந்தக் கடைப் பொண்ணு முன்னாடி போயி நிக்கணும்.

— லூப்பு இல்லாத ஜீன்ஸு, காது இல்லாத அண்டா மாதிரி கீது.

— இருக்கட்டும். இப்ப எனக்குப் பின்னாடி உக்காருங்க.

— எதுக்கு?

— ஆள் உக்காந்தா நான் முன்னாடி நகரணும். அப்பத் தொடையில பிடிக்குதான்னு பாக்கணும். இது ஃபிட்டிங்குதாங்க, பூதிகோட்டை இல்ல. பெஞ்சு எங்கயும் ஓடிடாது.

— லுங்கியில எப்படி கால் போட்டு உக்கார்றது?

— ஒரு பக்கமா உக்காருங்க, நான் உக்கார்ற மாதிரி. இத்தனை வருஷம் அப்படித்தானே வந்தேன். ஒரு கையில பைபிள், மடியில சாப்பாட்டுக் கேரியர், இன்னொரு கையால உங்க பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு. உங்க வண்டியில பின்னாடி கம்பி கூடக் கெடையாது. நீங்க பள்ளத்தைப் பாக்காத விடுவீங்க, நான் பைபிள் சங்கீதம் சொல்லுவேன்.

— ஒரு தடவையாவது கீழ விட்டிருக்கேனா?

— இல்ல. பெல்ட் கெட்டியா இருந்துச்சு.

— சரி, நகரு. பெஞ்சுதானே.

— உக்காந்துட்டீங்களா?

— உக்காந்தேன். இன்னா ஈவு, இங்க இருந்து பாத்தா உன் முதுகத் தவிர ஒண்ணுமே தெரியல.

— அதைத்தான் நான் முப்பது வருஷமாப் பாத்தேன். தொடையில பிடிக்கல, நல்லா இருக்கு. எழுந்திருங்க, காலை மடிச்சுத் தைக்கணும். நாளைக்குக் காலையில நான் பூதிகோட்டை கிளம்பறேன். வர்றவங்க வரலாம். வராதவங்களுக்கு, ஹரோல்டு வாசிக்கிறதை போன்ல பிடிச்சிட்டு வந்து தினம் போட்டுக் காட்டறேன்.

— ஈவு.

— இன்னா?

— அந்தப் பட்டையத் தூக்கிப் போட்டுடாத. முன்னாடி எல்லாம் வேணாம், பின்பக்கம் மட்டும் ரெண்டு லூப்பு வெச்சி, நல்லா கெட்டியாத் தச்சிடு. இல்லன்னா பூதிகோட்டை வரைக்கும் நான் எத்தப் புடிச்சிக்கினு வர்றது?