பக்கத்து இருக்கையின் பிரேக்

என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் இந்தக் காவல் நிலையத்தில் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது முப்பத்தொன்பது. ஓட்டுநர் உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. என் கணவர் பதினேழு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவர் தொழிலுக்கு வைத்திருக்கும் காரேதான் எங்கள் வீட்டுக்கும் கார். அதில் பக்கத்து இருக்கைக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தால் ஓட்டுகிறவர் பக்கத்துப் பிரேக்கும் சேர்ந்து இறங்கும், பின்விளக்கும் எரியும்.

வருகிற திங்கட்கிழமை நான் ஒரு குழந்தைகள் பள்ளியில் வேன் ஓட்டும் வேலையில் சேர வேண்டும். பெயரில் விபத்து வழக்கு இருந்தால் வேலை கிடையாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

வேலை உறுதியானதிலிருந்து, கை இன்னும் பழகட்டும் என்று என் கணவர் ஒரு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இந்த ஒரு மாதத்தில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழு முறை நின்றது. ஏழு முறையும் நான் கிளட்சைச் சரியாக மிதிக்கவில்லை என்று சொல்லி என் உயிரை வாங்கினார். திருப்பிக் கேட்டால், கற்றுக்கொடுக்கிறவன் நானா நீயா என்றார். அதன் பிறகு காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பெட்ரோல் பம்பை மாற்றி, பிளக்கை மாற்றி, அதன் பிறகு மூன்று நாள் தானே ஓட்டிப் பார்த்தார். ஒருமுறைகூட நிற்கவில்லை. கழற்றிய பழைய பாகங்களிலும் கோளாறு இல்லை, குறை வண்டியில் இல்லை, ஓட்டுகிற கையில்தான் என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

நேற்றுக் காலை ஒன்பதேகால் மணிக்கு, பள்ளியில் சான்றிதழ்களைக் கொடுப்பதற்காகக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். தபால் நிலையத்தைத் தாண்டி வரும் திருப்பத்தில் இரண்டாவது கியரில் திரும்பினேன். என் வலது கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. குறுக்கே யாரும் வரவில்லை. பாதித் திருப்பத்தில் கார் குலுங்கி நின்றது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஓர் எலக்ட்ரீஷியன் மோதி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நான் இறங்கி ஓடிப்போய் அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். என் கணவர், எனக்குக் கிளட்ச் இன்னும் பிடிபடவில்லை என்று கூடியவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாவியைச் சாக்கடையில் எறியலாம் போலிருந்தது. எறியவில்லை.

எலக்ட்ரீஷியன் வலியோடு, "பிரேக் லைட்டு எரிஞ்சுதேம்மா, நடுவழியில ஏன் பிரேக் போட்டீங்க?" என்று கேட்டார். பிரேக்கை நான் தொடவே இல்லை. அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடத்தில் நான் தனியாக ஓட்டியபோது இந்தக் கார் ஒருநாளும் வழியில் நின்றதில்லை.

அதன் பிறகு கணவரிடம், "நீங்க மிதிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு மிதிக்கப்போறேன்? சும்மாதானே உக்காந்திருந்தேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. தன் கால் மிதிப்பது அவருக்கே தெரியாது. அவரிடம் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் ஓட்டும்போதும் இப்படித்தான் கார் நிற்கும். தவறு அவர்களுடையது என்றுதான் அவரும் நம்பினார், நானும் நம்பினேன். இங்கேயும் அதையே சொல்லி எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று தெரிகிறது.

இந்த அறையின் ஜன்னல் வழியாக, அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. வாசலில் ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் அவர் வலது கால் தரையை அழுத்துகிறது. இதை நான் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, மூன்று வண்டிகள் திரும்பும்வரை ஜன்னலருகில் நின்று பார்த்தார். அவர் பார்த்ததையும் சேர்த்து எழுதும்படி கேட்டேன். எழுதினார்.

முழுவதையும் படித்துக் காட்டக் கேட்டேன். இதில் உள்ளவை நான் சொன்னவையே, நடந்தவையே.

(கையொப்பம்)