பதினொரு ராசாவும் ஒரு கையும்

ஐயோ மாமா, அந்தக் கையை இறக்காதேங்கோ! இன்னும் அஞ்சு நிமிசம். தேத்தண்ணியை மற்றக் கையாலை குடியுங்கோ.

ஓம், இங்கை சுவிசிலை எங்கடை டீட்டிகோன் தமிழ்ப் பள்ளிக்கூட ஹோலிலை மாட்டப்போற படத்துக்குத்தான். எங்கடை யாழ்ப்பாணத்துக் கடைசி ராசாவைப் போத்துக்கீசப் பறங்கியர் பிடிக்கிற காட்சி. சனிக்கிழமை விழா.

இல்லை, நேரை கன்வஸ் சீலையிலை கீறேலாது. ஆர்ட் ஸ்கூலிலை ரெண்டு வருசமா நான் பாத்தது முழுக்கப் போலந்துக்காரற்றை பென்சில் கீறல்தான். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி அவைக்கு நாடே இல்லை மாமா. மூண்டு அரசு பங்குபோட்டு எடுத்திட்டுது. தேசப்படத்திலை பேர்கூட இல்லை. அப்ப தாங்கள் ஆரெண்டு மறக்காமலிருக்க, சுவரளவுக்குப் பழைய ராசாக்களைக் கீறினவை. நாட்டை வித்தவையையும் சேத்துத்தான். அதுக்கு ஏச்சும் வாங்கினவை. ஆனா முதல்லை ஒரு கை, ஒரு சப்பாத்து, குதிரையின்ரை காது எண்டு கட்டுக்கட்டாக் கடுதாசி. முகத்துக்குத் தெரிஞ்ச சனத்தைப் பிடிச்சு இருத்துறது.

நானும் அப்பிடித்தான் கூப்பிட்டனான். பதினொரு பேர் வந்தவை. சிரிக்காதேங்கோ, பதினொருத்தரும் ராசாவுக்குத்தான் இருப்பினமாம்! கலாவதி அன்ரி தன்ரை மனிசனுக்குச் சால்வையும் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து, பிள்ளை, இவற்றை மூக்கைப் பார், ராச மூக்கெண்டா. பிறகு அவையிலை றெக்சன் பறங்கியனுக்குக்கூட ஓமெண்டிட்டான், தொப்பிக்காக. கோட்டையைக் காட்டிக்குடுக்கிறவனுக்குத்தான் ஆளில்லை. கேட்டவுடனை எல்லாருக்கும் வேலை. அவனில்லாட்டிப் படமே இல்லையே. ராசா தன்ரை பாட்டிலையோ பிடிபட்டவர்?

ம்... ஓம் மாமா. இது அந்தக் காட்டிக்குடுக்கிறவன்ரை கைதான். கோவிக்காதேங்கோ! கை மட்டுந்தான். எங்கடின் மலைப்பக்கம் ஹோட்டல் குசினியிலை நிண்ட கையெண்டு ஆருக்குத் தெரியப்போகுது? சூட்டுத் தழும்பைக் கீறாமல் விட்டிட்டன், பாருங்கோ.

முகமோ? அது கிடைச்சிட்டுது. போன ஞாயிறு கீறினனான். அப்பான்ரை.

சீ, நான் கேக்கேல்லை. ஆரையும் கெஞ்சாதை யதுஷா, என்னைக் கீறு எண்டு அவரே வந்து கதிரையிலை இருந்தவர். ஊரிலை சுத்திவளைப்பு நேரம், ஆமி சனத்தை வரிசையிலை விட, தலையிலை சாக்கைப் போட்டுக்கொண்டு, இவன், இவன் எண்டு பெடியளைக் காட்டிக்குடுத்துத் தலையாட்டினது தான்தானாம். உங்களுக்கும் சொல்லேல்லையோ? இவ்வளவு காலம் கூட்டாளியா இருந்தும்?

ஆர் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லு எண்டவர். அண்டைக்குச் சாக்குக்குள்ளை ஒருத்தரும் காணாத முகமாம். இனிப் பாக்கட்டாம்.