உறவு என்ற இடத்தில்

சாருன்னு கூப்பிட்டாலும் சரி, மேடம்னாலும் சரி, சிஸ்டர். ரெண்டுக்கும் திரும்பிப் பாப்பேன். எங்க சனத்துல என்னை மாதிரி ஆளுங்கள, ஆணும் பொண்ணும் ஒரே உடம்புல இருக்கற ரெண்டு ஆவி உள்ளவங்கன்னு சொல்வோம்.

எனக்கு இது முழுநேர வேலை இல்ல. கவிதை எழுதற ஆளு. மூணு புஸ்தகம், எல்லாம் இங்கிலீஷ்ல. இந்த ஆஸ்பத்திரியில டெல்ஃபின் அம்மாவுக்குப் பேச்சு மாத்திச் சொல்ல வாரத்துக்கு ரெண்டு நாள் கூப்பிடறாங்க.

நீங்க புதுசு, தெரிஞ்சிருக்காது. போன அக்டோபர் வரைக்கும் அவங்க இங்கிலீஷ் பேசினாங்க. பக்கவாதம் வந்து அதை மட்டும் தொடச்சுட்டுப் போயிருச்சு. எங்க பழங்குடிப் பாஷை க்ரீ தங்கிருச்சு.

பாதிரியார் பள்ளிக்கூடத்துல வளந்தவங்க. க்ரீ பேசினா வாயில சோப்பு. ஆம்பளைன்னா இப்படி, பொம்பளைன்னா அப்படின்னு அங்க படிச்சதெல்லாம் இங்கிலீஷ்லதான். அதனால வீட்ல கொஞ்சறது க்ரீயில, திட்டறது இங்கிலீஷ்ல. ஒரே புள்ள. பத்தொம்பது வயசுல அது ரிப்பன் வச்ச பாவாடையக் கட்டிக்கிட்டு ஊர்க் கூட்டத்துல ஆட வந்து நின்னுச்சு. எனக்கு இப்படி ஒரு மகன் கெடையாது, போன்னாங்க. அதுவும் இங்கிலீஷ்லதான். இருபத்தாறு வருஷமாச்சு.

கோபமா? இப்ப எங்க இருக்கு கோபம். திட்டின அந்த இங்கிலீஷ் வார்த்தையே அவங்ககிட்ட இல்லயே. க்ரீயில அவன், அவள்னு பிரிச்சுச் சொல்ல மாட்டோம். புள்ள வருதா, சாப்பிட்டுச்சான்னுதான் கேக்கறாங்க.

கண்ணும் போச்சு, சக்கர நோயி. வெள்ளிக்கிழமை மான்கறி சூப்பு ஊட்டிக்கிட்டிருந்தேன். என் கையப் புடிச்சுக்கிட்டு, எம் புள்ளைக்குச் சொல்லி அனுப்புனியான்னாங்க. வழியில இருக்குன்னேன். வேற என்ன சொல்ல? நெசத்தச் சொன்னா கையை உதறிட்டா? மாத்திச் சொல்ற ஆளா இருந்தாத்தானே பக்கத்துல உக்கார முடியுது.

புண்ணு புடிச்ச காலை எடுக்கலைன்னா நாளைக்குத் தாங்காதுங்கறாரா டாக்டர்? சொந்தக்காரங்க கையெழுத்து வேணுமா.

இல்ல, அவங்க புள்ளைன்னு எழுதியிருக்கற நம்பருக்குப் போன் போட வேண்டாம். அந்த நம்பர் என்னோடதுதான், இந்தப் பையிலதான் அடிக்கும். தாளக் குடுங்க.

மகன், மகள்னு ரெண்டு கட்டந்தான் போட்டிருக்காங்க. ஓரத்துல புள்ளன்னு எழுதிக்கறேன்.

யாரு கையெழுத்துப் போட்டாங்கன்னு அவங்ககிட்டச் சொல்லணுமா? சட்டமா? சரி. நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க, சிஸ்டர். மெதுவாச் சொல்லுங்க.

நான் க்ரீயில சொல்றேன்.