ஏழு இருபதுக்கு வந்த அழைப்பு

பட்டுப்புழுவுக்குக் காது கிடையாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் பதினான்கு வருடமாகப் பாட்டு வைக்காமல் நான் புழுவுக்குத் தழை போட்டதில்லை. முதலில் ரேடியோ, பிறகு போன். அது புழுவுக்காக இல்லை, எனக்காகத்தான்.

இன்ஸ்பெக்டர் மேடம், நேற்று நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. சனிக்கிழமை மாலை ஏழு இருபதுக்கு என் வீட்டுக்காரர் வீரமணி எனக்குப் போன் போட்டிருக்கிறார், ஒரு நிமிடம் பத்து விநாடி பேசியிருக்கிறார், என்ன பேசினீர்கள் என்றீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்டார் என்றேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். இப்போது சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னாலிருந்து வந்தால்தான் விளங்கும்.

எங்கள் ஊர் கடத்தூருக்கு மேற்கே. மல்பெரித் தோட்டம், அதற்குப் பக்கத்தில் புழு வளர்க்கிற கொட்டகை. நாங்கள் அதைப் புழு வூடு என்போம். மாதம் ஒரு தடவை புழு வரும். கூடு கட்டி முடிக்கிறவரை வீட்டில் இருப்பவர் நகர முடியாது. புழு வூட்டுக்குள் போகிறவள் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது. எந்த வாடையும் ஆகாது. என் அப்பா செத்தபோது காலையில் போனேன், உடலை எடுத்ததும் பஸ் ஏறி, மாலைத் தழைக்கு வந்து நின்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. புழு பட்டினி கிடக்குமே என்று நானேதான் வந்தேன்.

என் மகள் காவியா சென்னையில் வேலை பார்க்கிறாள். நான் தினமும் கேட்கிற அந்தப் பாடகி அங்கே மேடையில் பாடப்போகிறார் என்று மூன்று மாதத்துக்கு முன்பே எங்கள் மூவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டாள். சனிக்கிழமை காலை மொரப்பூரில் ரயில் ஏறுவது, மாலை கச்சேரி, ஞாயிறு கடற்கரை, இரவுக்குள் வீடு. இதுதான் திட்டம். என் வீட்டுக்காரரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். அந்த வாரம் புழு வூடு காலியாக இருக்கும்படி நாள் பார்த்துத்தான் புழுவுக்குச் சொல்லி வைத்தார். இளம்புழு தருகிற இடத்தில் எட்டு நாள் தள்ளிப்போய்விட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கச்சேரி அன்றைக்கு, புழு இருக்கிற தழையெல்லாம் தின்று தீர்க்கிற கடைசி வாரம்.

கச்சேரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னார்:

"வுடு சசி, அடுத்த தடவ போலாம். பாட்டு எங்க ஓடியா போவுது."

நான் சரி என்றேன். சண்டை போடவில்லை. எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது, யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

புதன்கிழமை குள்ளன் வந்தான். வத்தல்மலைக்காரன். அவனும் அவன் பெண்டாட்டி சின்னக்காவும் பக்கத்துத் தோட்டத்துத் தீர்த்தகிரியிடம் தக்காளிக்குக் கூலி வேலை பார்த்தார்கள். நாங்கள் போக முடியாத விஷயம் சின்னக்காவுக்கு நான் சொல்லித்தான் தெரியும். குள்ளன் புழு வூட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டான்.

"அண்ணா, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. தழ போடறது என்னா பெரிய வேலயா? நானும் அவளும் பாத்துக்கறோம்."

"மருந்தடிக்கற கையில எம் புழுவத் தொடறியா? நல்லா இருக்குதுடா நீ சொல்றது."

"நான் வெளிய நின்னு தழ வெட்டித் தரேங்ணா. உள்ள அவ போட்டும். அக்கா இத்தன வருசமா எங்கயும் போனதே இல்ல. ஒரு பாட்டு கேக்கப் போவட்டும்."

"அக்காவுக்குப் பாட்டு, உனக்குப் புழுவா? போய் வேலயப் பாருடா."

குள்ளன் சிரித்துக்கொண்டே போனான். நான் பின்னாலேயே வேலி வரைக்கும் போய், தக்காளிக்கு எப்போது மருந்தடிக்கிறாய் என்று கேட்டேன். கேட்பது வழக்கம்தான். மருந்தடிக்கிறவன் புழு வைத்திருக்கிற வீட்டில் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், நாங்கள் அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் இது எழுதாத சட்டம்.

"நாளைக்குக் காலைலீங்கக்கா" என்றான்.

சொன்னபடியே வியாழக்கிழமை காலை வேலியோரம் வந்து, "அக்கா, ஜன்னல சாத்திக்கோங்க, அடிக்கப்போறேன்" என்று குரல் கொடுத்தான். என் வீட்டுக்காரர் தோட்டத்தின் அந்தக் கோடியில் மோட்டார் போட்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன். குள்ளன் காற்றுப் பார்த்து நிதானமாக அடித்தான். எங்கள் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை.

மதியம் என் வீட்டுக்காரர் உரம் எடுக்கக் கடத்தூர் போனார். அப்போது ஏதோ தோன்றியது, கொசுவத்தி ஏற்றினேன். புழுத் தட்டுகள் அடுக்கிய தாங்கிகளுக்கு அடியில் மூன்று. எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, வெளியே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தழை காம்பு கழித்தேன். பிறகு திறந்துவிட்டு, சாம்பலை மல்பெரி வரிசையில் புதைத்தேன். வாடை போக பிளீச்சிங் பவுடர் தூவினேன். புழுவுக்கு நோய் வராமல் தூவுவோம், அதனால் அது எங்கள் வீட்டில் எப்போதும் அடிக்கிற வாடை.

ஏதோ தோன்றியது என்றேன். அதையும் அடித்துவிடுங்கள். புழு வைத்திருக்கிற வீட்டில் கொசுவத்தி இருக்காது மேடம், அந்தப் புகையே புழுவைக் கொன்றுவிடும். நாங்கள் வலைக்குள்தான் படுப்போம். அந்தப் பாக்கெட்டை நான் திங்கட்கிழமையே கடத்தூரில் வாங்கி, கேழ்வரகு டிரம்முக்குள் வைத்திருந்தேன். குள்ளன் மருந்தடிக்கிற நாளுக்காகத்தான் காத்திருந்தேன். அவன் உதவி செய்ய வந்தபோதும் அது டிரம்முக்குள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. பச்சையாகக் கக்கின. மத்தியானத்துக்குள் சுருங்கிப்போயின. பதினான்கு வருடம் என் கையால் தின்ற இனம். குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடும்போது நான் அழுதேன். அது நடிப்பு இல்லை. அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் தோளைத் தொட்டார்.

"இனி இங்க உனக்கு என்னா வேல? நீயாச்சும் போய்ட்டு வா சசி. எனக்கு இங்க பேச வேண்டியது இருக்குது."

என்ன பேச வேண்டியது என்று எனக்குத் தெரியும். தீர்த்தகிரியைக் கேட்பார். தீர்த்தகிரி குள்ளனைக் கைகாட்டுவார். ஒரு சத்தம் போடுவார்கள், திட்டுவார்கள், அதோடு போகும் என்று நினைத்தேன். கூலிக்காரன் திட்டு வாங்காத நாள் ஏது? என் அம்மா வாங்காத திட்டா? நானும் களையெடுத்து வளர்ந்தவள்தான்.

சனிக்கிழமை காலை மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு மொரப்பூரில் ரயில் ஏறினேன்.

அன்று மாலை ஊரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் குள்ளனைக் கேட்டிருக்கிறார்கள். கோழிக் கொடாப்புக் கம்பு ஒன்று என் வீட்டுக்காரர் கைக்கு வந்திருக்கிறது. குள்ளன் மல்லாந்து விழுந்ததில் தொட்டி விளிம்பு பின்மண்டையில் பட்டது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. என் வீட்டுக்காரர் சேலம் ஜெயிலில் இருக்கிறார். அதுவரை அவர் ஒரு மாட்டைக்கூட அடித்து நான் பார்த்ததில்லை.

காரியம் முடிந்து சின்னக்கா என் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க ஊர்ல இருந்திருந்தா அண்ணன் கை ஓங்கியிருக்க மாட்டாருங்க. எங்கூட்டுக்காரரு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான மருந்தடிச்சாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருப்பீங்க."

ஆமாம் என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அந்த டம்ளரை நான் எடுக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

இப்போது அந்த அழைப்பு.

பெரிய அரங்கம். நல்ல இடம் கிடைத்திருந்தது. அந்தப் பாடகியம்மா என் போனில் தெரிவதைவிடக் குள்ளமாக இருந்தார். நாலைந்து பாட்டுகள் ஆகியிருந்தன. புழு வூட்டில் நான் எந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ, அந்தப் பாட்டுக்கு வயலின்கள் ஆரம்பித்தன. மடியில் போன் அதிர்ந்தது. "அப்பாதாம்மா, என்னான்னு கேட்டுட்டு வா" என்றாள் காவியா. நான் குனிந்துகொண்டே வெளியே நடைக்கு வந்தேன்.

"சசி, ஒன்னே ஒன்னு கேக்கறேன், ரோசன பண்ணிச் சொல்லு. மருந்தடிக்கறதுக்கு முன்ன உங்கிட்ட சொன்னேங்கறான், ஜன்னல சாத்தச் சொன்னேங்கறான். சொன்னானா?"

அவருக்குப் பின்னாலிருந்து குள்ளன் குரல் கேட்டது. பயந்த குரல் இல்லை. நான் போனை எடுத்துவிட்டேன் என்ற தைரியத்தில் பேசுகிற குரல்.

"அக்கா, சொன்னேனில்லக்கா? அண்ணங்கிட்ட சொல்லுங்கக்கா."

சொன்னான் என்று நான் சொல்லியிருந்தால், ஜன்னல் சாத்தியிருக்கையில் புழு எப்படிச் செத்தது என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அந்தப் பயத்தில்தான் அப்படிப் பேசினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை மேடம். அவர் அதையெல்லாம் கேட்டிருக்கவே மாட்டார், என்னை அவ்வளவு நம்பினார். கதவுக்கு உள்ளே அந்தம்மா பாட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அந்தப் பேச்சு சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது.

"இல்லீங்க. எங்கிட்ட யாரும் எதும் சொல்லல" என்றேன்.

"அக்கா..." என்று குள்ளன் சொன்னது கேட்டது. போனை அணைத்துவிட்டு உள்ளே ஓடினேன். முதல் சரணம் நடந்துகொண்டிருந்தது. பல்லவி போய்விட்டதே என்று எனக்கு அவர்கள் இருவர் மேலும் கோபம் வந்தது.