ரேடியம் பெட்டிக்கு எலுமிச்சம்பழம்

மர்பி டவுன் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் தொழிற்சாலை ஆட்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"வெல்டிங்குல விரிசல் இருக்கான்னு எக்ஸ்ரே மாதிரி படமெடுக்கிற ரேடியம் பெட்டிக்குப் பூட்டு ரூம் கேட்டேண்ணா. துட்டு இல்லேன்னுட்டாங்க. ஈயப் பெட்டி, எடைக்குப் போட எவனாவது தூக்கிடுவானேன்னு குங்குமம் பூசி எலுமிச்சம்பழம் வெச்சிட்டேன். எவனும் கிட்ட வரல."

"பலே கில்லாடிடா!"

"கேளுங்கண்ணா. இப்ப கூட்டுற பொம்பளைங்க கும்புடறாங்க. நேத்து ஒருத்தி, காய்ச்சலடிக்கிற கைக்குழந்தையை அது மேலயே படுக்க வெச்சிருந்தா."

"ஐயோ! அதுலேர்ந்து வர்ற கதிர் உடம்பையே அரிச்சிடுமேடா! சாமி இல்லேன்னு சொன்னியா?"

"சொன்னா பெட்டி போயிடுமேண்ணா."

ஏதாவது சொல்லலாமா, வேண்டாமா என்று தவித்தபடி, மடியில் தூங்கிய மகளை இறுக்கிக்கொண்டேன்.

"அந்தக் குழந்தை என்னாச்சுடா?"

"காய்ச்சல் விட்டுடுச்சாம். இன்னிக்குப் புள்ளைங்களோட வரிசையே நிக்குது."